பாடத்துக்குப் பாடம் தேர்வு: பழனி மலையில் எங்கள் வீட்டுக்கல்வியின் தொடக்கம்

வீட்டுக்கல்வியைத் தொடங்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் "எந்தப் பாடத்திட்டம் நல்லது?" என்ற ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். தமிழக அரசின் பாடநூலா, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலா, கேம்பிரிட்ஜா, மாண்டிசோரியா என்று ஒன்றை முடிவு செய்து, அதற்குரிய நூல்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் மகளுக்கு இரண்டாம் வகுப்பு முடிந்ததும் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கியபோது நாங்கள் தெரிந்துகொண்டது வேறு. கணக்கு படியும் விதம் ஒன்று, தமிழ் படியும் விதம் இன்னொன்று. ஆங்கிலமும் அறிவியலும் அவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டவை. ஆகவே பாடத்திட்டத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு பாடத்துக்கும் அதனதன் இயல்பைப் பார்த்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் மதுரையிலிருந்து கொடைக்கானல் பக்கமுள்ள கீழ்ப்பழனி மலைக்கு வந்து, பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள குடும்பத் தோட்டத்தில் குடியேறியவர்கள். காப்பியும் மிளகும் ஊடே கொஞ்சம் ஆரஞ்சும் சௌசௌவும் எங்கள் பிழைப்பு. மகளைச் சேர்த்திருந்த பள்ளிக்குக் காலையும் மாலையும் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்துச் சோர்ந்துபோய் வகுப்பில் உட்காருவாள். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் அதுவும் இல்லை. பள்ளியின் மீதோ ஆசிரியர்களின் மீதோ எங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது. அவளுடைய நாளின் நல்ல பொழுதெல்லாம் பேருந்திலேயே கழிவதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

நூல்களைப் புரட்டுவதற்கு முன்பாக, இந்தப் பாதை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தோம். எந்தப் பெற்றோரும் இந்த வரிசையை மாற்றக்கூடாது என்பேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகச் சொல்லும் அந்தச் சட்டம், வீட்டுக்கல்வியைத் தனியாக அங்கீகரிக்கவில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவும் இல்லை. அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது இடையில் விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், மற்றவர்களுக்கு ஈடாக வரும் வகையில் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு என்றும் சொல்கிறது. திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அடுத்தது தேர்வுகள். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு இணையான அதன் தேர்வில் சேரக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் போதும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்பதால் பாடங்களை ஒரே மூச்சில் எழுதாமல் பிரித்தும் எழுதலாம். அதற்குக் கீழே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளும் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் தனித்தேர்வராக எழுத முடியும். பத்தாம் வகுப்பு நிலையிலான கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம் என்றாலும், பாடம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். வெளியாரை ஏற்கும் தேர்வு மையத்தைப் பெருநகரங்களில்தான் தேட வேண்டியிருக்கும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வை எந்தப் பள்ளியிலும் சேராமல் வீட்டிலிருந்து நேராகப் போய் எழுதுவதற்குப் பொதுவாக வழியில்லை. அந்த வாரியம் பயன்படுத்தும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களை விரும்பும் பெற்றோர் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் லேசானது. எட்டு வயதுக் குழந்தை கட்டாயம் எழுதியாக வேண்டிய தேர்வு என்று எதுவுமே அந்தத் தாளில் இல்லை. எட்டிலிருந்து பதினொன்று வரையிலான ஆண்டுகளில் எந்த வாரியத்தின் நூலைப் பயன்படுத்தினாலும் பின்னால் எந்த வாசலும் மூடிவிடாது. அந்த வயதில் வாரியத்தைப் பார்த்து நூல் வாங்க வேண்டிய அவசியமில்லை. குழந்தையைப் பார்த்து வாங்கினால் போதும்.

குழந்தையைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். தமிழக அரசின் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு நூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் உள்ள பயிற்சிகளை மட்டும் அவளிடம் கொடுத்தேன். மதிப்பெண் போடவில்லை, திருத்தவும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் அவள் கை நிற்கிறது, எந்த இடத்தில் என் முகத்தைப் பார்க்கிறாள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை என்ற அடையாளம் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பது அதில் தெரிந்துவிட்டது. தமிழ் வாசிப்பில் அவள் வகுப்பைத் தாண்டியிருந்தாள். ஆங்கிலத்தில் பழகிய சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். புதிய சொல் வந்தால் முதல் எழுத்தை வைத்து ஊகிப்பாள். கணக்கில் ஓர் அடிப்படை ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கணக்கு நூலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அதுதான். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் அவள் 35 என்று எழுதினாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடுகிறாள். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் செய்வதுதான். "கடன் வாங்கணும்மா, பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்" என்று அவளே வாய்ப்பாடம் சொல்கிறாள், ஆனால் எதைக் கடன் வாங்குகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. காப்பிச் செடியின் கவாத்துக் குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் தரையில் வைத்து, இருபத்தேழு எடுத்துக் கொடு என்றேன். இரண்டு கட்டை உடனே நீட்டினாள். ஏழு உதிரிக் குச்சிக்குக் கை போனது, இரண்டுதான் இருந்தது. சற்று நேரம் கட்டுகளையே பார்த்திருந்துவிட்டு, "இதைப் பிரிச்சா ஏதும் சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள். பிரித்துப் பார்த்துப் பன்னிரண்டு குச்சியை எண்ணி, ஏழை எடுத்துக் கொடுத்து, தரையில் மீந்திருந்த இரண்டு கட்டையும் ஐந்து குச்சியையும் பார்த்து "இருபத்தஞ்சு" என்றாள். பிறகு நோட்டைத் திறந்து, தான் எழுதிய 35ஐத் தானே அடித்தாள்.

கணக்குக்கு நூல் தேடும்போது இதைத்தான் அளவுகோலாக வைத்தேன். முதலாவதாக, ஒரு செய்முறையைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் அதன் பொருளைக் கைப்பொருளாலோ படத்தாலோ காட்டுகிறதா என்று பார்த்தேன். பிறகு, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் இடைவெளி சிறியதாக இருக்கிறதா, கற்றதை நிலைநிறுத்தப் போதுமான பயிற்சி தருகிறதா என்றும் பார்த்தேன். கணக்கு படிவரிசையாகக் கட்டப்பட்ட பாடம். இடமதிப்பு புரியாமல் கழித்தல் வராது, கழித்தல் புரியாமல் வகுத்தல் வராது. ஆகவே இந்த ஒரு பாடத்தில் மட்டும் ஒரே நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாக நடத்த வேண்டும். இரண்டு நூல்களை ஒரே நேரத்தில் முதன்மை நூலாக வைத்தால், ஒன்றில் பெருக்கல் முன்னே வரும், மற்றொன்றில் பின்னே வரும். நடுவில் குழந்தை குழம்பும். தமிழ்வழிக் கணக்கு நூலையே முதன்மை நூலாக வைத்தோம். வீட்டில் அவள் நினைப்பது தமிழில் என்பதால், பத்துகள், ஒன்றுகள், மடங்கு, மீதி என்று அவள் மனத்துக்குள் ஓடும் சொற்களிலேயே கணக்கு நடக்கிறது. ஒரு பாடம் முடிந்த பிறகு, அதே கருத்தின் மீது என்.சி.இ.ஆர்.டி. நூலில் உள்ள புதிர்களை எடுத்துக் கொடுப்பேன். செய்முறையைத் தெரிந்துகொண்டாளா, புரிந்துகொண்டாளா என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலக் கலைச்சொற்களை இப்போது பக்கத்தில் எழுதி வைக்கிறோம். பின்னால் ஆங்கில வழியில் தேர்வு எழுத நேர்ந்தாலும் அந்தச் சொற்கள் அவளுக்குப் புதிதாக இருக்காது.

மொழிகளில் நிலைமை நேர்மாறானது. அதிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே வகையான நூல் பொருந்தாது. தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் அவை சேரும் குறிகளும் பிடிபட்டுவிட்டால், எந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம். அந்தக் கட்டத்தைத் தாண்டிய குழந்தைக்கு வாசிப்பதற்குத் தேவைப்படுவது நிறையக் கதைகள்தான், பாடநூல் இல்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா வெளியீடுகள் சிலவற்றைப் பணம் கொடுத்து வாங்கினோம். அரசின் தமிழ்ப் பாடநூலையும் வைத்திருக்கிறோம், அதிலுள்ள பாடல்களையும் மொழிப் பயிற்சிகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

தமிழில் கடினம் எழுதும்போதுதான் வருகிறது. ல, ள, ழ; ர, ற; ந, ன, ண ஆகியவற்றை ஒழுங்காகப் பிரித்து எழுதப் பழக, நாம் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சி நாள்தோறும் சிறிது வேண்டும். நான் சொல்லும் வாக்கியங்கள் அவள் பார்த்ததைப் பற்றியே இருக்கும். "மலையில் மழை பெய்தது" என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொரு கடினம், பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள தொலைவு. என் மாமியார் அவளுக்கு இரவில் கதை சொல்வார். மறுநாள் காலையில் அதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு நான்கைந்து வரி எழுத வேண்டும். "அப்பத்தா சொன்ன மாதிரியே எழுதவா?" என்று கேட்டாள். அப்படியே எழுதச் சொன்னேன். இடப்பக்கத்தில் "காட்டுமாடு தண்ணி குடிக்க வந்துச்சு" என்று எழுதுவாள். வலப்பக்கத்தில் அதையே "காட்டுமாடு தண்ணீர் குடிக்க வந்தது" என்று மாற்றி எழுதுவாள். பேச்சைத் தவறு என்று ஒதுக்காமல், எழுத்து நடையை அதன் பக்கத்தில் வைத்துக் கற்பிக்க முடிந்தது. ஒரே தொகுப்பாக விற்கும் எந்தப் பாடத்திட்டப் பெட்டியிலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. நம் வீட்டுப் பெரியவர்கள்தான் அதற்கான நூல்.

ஆங்கிலத்துக்கு இந்தத் தாராளம் கூடாது. 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைக்கு அந்த ஒலிகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திச் சொல்லித்தரும் ஒலிமுறை நூல் ஒன்று கட்டாயம் வேண்டும். சொற்களை முழுதாகப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் நீண்ட சொற்கள் வரும்போது தடுமாறுவதை என் மகளிடமே பார்த்தேன். ஆகவே ஆங்கில வாசிப்புக்குக் கணக்கைப் போலவே ஒரே நூலை வரிசையாக நடத்தினோம், அதுவும் அடியிலிருந்து. உச்சரிப்புக்கு ஒலிப்பதிவோடு வரும் நூலாகப் பார்த்து வாங்கியதால் என் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. முழு வீட்டுக்கல்விச் செலவில் எங்களுக்குச் சற்று அதிகமாகப் பணம் பிடித்தது இந்த ஒன்றுதான்.

பெட்டியாக வரும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கொடைக்கானலில் வசிக்கும் ஒரு குடும்பம் தங்களிடம் இருந்த அமெரிக்கப் பாடப்பெட்டியைச் சில நாள் எங்களிடம் கொடுத்து வைத்தது. ஆண்டு முழுவதற்கும் வாரவாரியாக எந்தப் பக்கம், எந்தக் கதை, எந்தச் செய்முறை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கு உண்மையிலேயே அழகாக இருந்தது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்த அட்டவணை எவ்வளவு பெரிய துணை என்பதும் புரிந்தது. ஆனால் கணக்கு நூலைத் திறந்தால் நாணயப் பாடம். ஐந்து சென்ட் நாணயத்தைவிடப் பத்து சென்ட் நாணயம் உருவில் சிறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்குகளைப் போட முடியும். நீளத்துக்கு அங்குலம், எடைக்குப் பவுண்டு. பருவ காலங்கள் நான்கு, ஒன்றில் பனிப்பொழிவு. எங்கள் தோட்டத்திலோ பங்குனி சித்திரையில் ஒரு மழை பெய்தால் காப்பி பூத்து மலைச்சரிவே வெள்ளையாகி மணக்கும். கார்த்திகையில் பழம் சிவக்கும். இந்தக் காலக்கணக்கைக் கற்க வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பெட்டி வேறு யாருடைய ஊரையோ கற்பித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பெட்டி பின்பற்றியது ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறை. 1842இல் பிறந்து 1923இல் மறைந்த அவர் சொன்னவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டோம். சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கேட்டதையும் வாசித்ததையும் குழந்தை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே போய்ப் பார்த்ததை ஒரு நோட்டில் வரைந்து குறிக்க வேண்டும். இவற்றுக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. ஒரு பாடத்திட்டத்தின் முறையை வைத்துக்கொண்டு அதன் நூல்களை விட்டுவிடலாம் என்பது தெரிந்தால் பெற்றோருக்குப் பெரும் செலவு மிச்சமாகும்.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் வரும்போது எனக்குத் துணையாக இருந்தது இதே மலையின் வரலாறு. மாண்டிசோரி முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பிரபஞ்சக் கல்வி என்ற தம் கருத்தை மகன் மரியோவோடு சேர்ந்து வளர்த்தெடுத்தார். அந்த வயதுப் பிள்ளை எதையும் "ஏன், எப்படி" என்று கேட்கும். ஆகவே முழுமையை முதலில் கதையாகச் சொல்லி, பகுதிகளைப் பிறகு ஆராய விட வேண்டும் என்பது அதன் சாரம். பிரபஞ்சமும் பூமியும் தோன்றியது, உயிர்கள் தோன்றியது, மனிதர் தோன்றியது, எழுத்து பிறந்தது, எண்கள் பிறந்தது என்ற ஐந்து பெருங்கதைகளே அதன் வாசல். மாண்டிசோரி உபகரணங்களின் விலை பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாது. ஆனால் ஐந்து கதைகளைச் சொல்வதற்குப் பணம் வேண்டாம்.

அந்தக் கதைகளை எங்கள் அறிவியல், வரலாற்றுப் பாடங்களின் சட்டமாக வைத்துக்கொண்டு, உள்ளே நிரப்புவதற்குச் சுற்றிலும் இருப்பவற்றை எடுத்தோம். சூரியனைப் பற்றிய பாடத்துக்குக் கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போனோம். 1899இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். வீடு திரும்பியதும் அட்டையில் ஊசித் துளையிட்டு, சூரியனின் உருவத்தை வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்த்தாள். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக்கூடாது என்பது அன்றைய பாடத்தின் முதல் வரி. மனிதரின் கதைக்குத் தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒன்றை மூடிய அந்த அமைப்பைத் தொட்டுப் பார்த்த பிறகு, இறந்தோரை மதித்த பழங்கால மக்களைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. உயிர்களின் கதைக்குக் குறிஞ்சி. 2018இல் அது பூத்தபோது அவள் கைக்குழந்தை; 2030இல் அடுத்த முறை பூக்கும்போது தனக்கு என்ன வயதாகும் என்று அவளே கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் மழைமானி. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குடுவையைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் மில்லிமீட்டரில் மழையளவு வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இதைக் கேட்டதும் அவள் எங்கள் முற்றத்தை அளந்து, நேற்று இரவு அதில் எத்தனை குடம் தண்ணீர் விழுந்தது என்று கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டாள். பெருக்கலும் அளவைகளும் பருவமழையும் ஒரே காலையில் நடந்தன. இப்படிப்பட்ட பாடங்களுக்குப் பாடநூலைப் பின்னால் புரட்டினால் போதும். தமிழகப் பாடநூலில் மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகப் பிரிகின்றன, என்.சி.இ.ஆர்.டி.யில் ஐந்தாம் வகுப்பு வரை இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இந்த வயதுக்குச் சேர்த்துப் படிப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். பருவத்துக்கு ஒருமுறை இரண்டு வாரியங்களின் பொருளடக்கத்தையும் எடுத்து, நாங்கள் தொடாமல் விட்டவை எவை என்று பார்த்து, அவற்றை மட்டும் பாடநூலிலிருந்து வாசித்துவிடுவோம்.

பாடத்திட்டம் குழந்தைக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, கற்பிப்பவரின் நாளுக்கும் பொருந்த வேண்டும். எங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது கணக்கும் வாசிப்பும் மட்டும் நடக்கும். மற்றவை தை முடிந்த பிறகுதான். ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் ஒரே பொருளை மூன்று நான்கு வாரம் காலைப்பொழுதில் தொடர்ந்து நடத்தும் வழக்கம் உண்டு. தோட்டக் குடும்பங்களுக்கு அது மிகவும் தோதானது. மழைக்கால வாரங்களில் சூரியக் குடும்பத்தை மட்டுமே எடுத்து முடித்தோம். நாள்தோறும் காணொலி பார்த்தாக வேண்டிய இணையவழிப் பாடத்திட்டங்களை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை. மழை வலுத்தால் இங்கே மின்சாரமும் போகும், கைபேசிச் சமிக்ஞையும் போகும். வேண்டியதை வத்தலக்குண்டுக்குப் போகும்போது ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுச் சுருள் கம்பி போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும் என்பதால் நூல்களுக்குத் தகரப் பெட்டிதான் அலமாரி.

ஒரு நூலை எப்போது மாற்றுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். குழந்தை ஒருநாள் அழுததற்காக மாற்றக்கூடாது. தூக்கமோ பசியோ காரணமாக இருக்கலாம். ஒரு பருவம் முழுவதும் நடத்திய பிறகும், நான் பக்கத்தில் இல்லாமல் முந்தைய பாடத்தின் பயிற்சியை அவளால் செய்ய முடியவில்லை என்றால் அந்த நூல் அவளுக்கு வேகமானது. நானே வாரக்கணக்கில் ஒரு நூலைத் திறக்காமல் தள்ளிப்போடுகிறேன் என்றால், அது எவ்வளவு புகழ்பெற்ற நூலாக இருந்தாலும் எனக்குப் பொருந்தவில்லை. பெற்றோர் விரும்பிக் கற்பிக்கக்கூடிய சாதாரண நூல், விரும்பாமல் கற்பிக்கும் சிறந்த நூலைவிடக் குழந்தைக்கு அதிகம் தரும்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வரும் ஆசிரியர்கள் வீட்டுக்கு வரலாம். எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆசிரியை வந்தார். பிள்ளைகள் வேலைக்கு அனுப்பப்படாமல் காக்கும் பணி அது என்பதால் அவரை மரியாதையோடு அமரவைத்து, நாள்வாரியாகத் தேதியிட்ட நோட்டுகளையும் மழைப் பதிவையும் காட்டினேன். மகளை ஒரு கதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிக்கிறாம்மா. எப்ப வேணும்னாலும் நம்ம ஸ்கூல்ல கொண்டாந்து சேர்த்துருங்க" என்றார். தேதியிட்டு எழுதும் பழக்கம் முதல் நாளிலிருந்தே இருந்தால் இப்படிப்பட்ட நேரங்களில் பதற்றம் வராது.

பதினொரு வயது ஆனதும் எங்கள் முறை மாறும். கணக்கு, அறிவியல் இரண்டையும் தமிழக அரசின் ஆறாம் வகுப்பு நூலிலிருந்து வரிசையாக நடத்தத் தொடங்குவோம். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வா, நேராக என்.ஐ.ஓ.எஸ். தேர்வா என்பதைப் பன்னிரண்டு வயதில் அவளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்வோம். இரண்டில் எதுவானாலும், வயது வரம்பும் பாடத் தொகுப்பும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், அந்த ஆண்டுக்குரிய விவரக் கையேட்டை அந்தந்தத் துறையின் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்கிப் படித்த பிறகுதான் படிவத்தை நிரப்ப வேண்டும்.